உறவினர் கூறியபடி

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் முகத்தில் ஒரு கொட்டாவி எட்டிப் பார்த்துவிடும். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிவிட்டதால் எனக்கு அதில் வருத்தமில்லை. நீங்கள் தணிக்கைக்காரர், உங்களுக்கு இது அன்றாடப் பாடு, கொட்டாவி விடமாட்டீர்கள். ஆனால் மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சின்னக் கருவியில் பதிவாகும் என் குரலை நாளைக்கு வேறு யார் யாரோ கேட்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நோயாளிக்கு என்ன கோளாறு என்று டாக்டர் வாக்கியமாக எழுதுவார். அந்த வாக்கியத்தைப் படிக்கக் காப்பீட்டு அலுவலகத்துக்கு நேரம் கிடையாது. அதனால் அதை ஓர் எழுத்தும் சில எண்களுமாகச் சுருக்கித் தர ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள்தான் நாங்கள். கோடர் என்பார்கள். எங்கள் அறையில் பதினோரு பேர். எலும்புக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டதில் எனக்கும் இன்னும் இருவருக்கும் பேச்சும் மொழியும் வந்தது. திக்கிப் பேசுபவருக்கு ஒரு குறியீடு. நாக்கு குழறுபவருக்கு இன்னொன்று. நாக்கு நன்றாக இருந்தும் சொல் அகப்படாதவருக்கு வேறு. நாம் சொல்வது புரிந்தும் பதில் வராத குழந்தைக்கு ஒன்று. புரியவும் இல்லை, வரவும் இல்லை என்றால் அதற்குத் தனியாக ஒன்று. வெளியே இருப்பவர்களைக் கேட்டால் எல்லாமே 'பேச்சு வரலை'தான். இத்தனை வகையான மௌனம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

நாங்கள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. மருத்துவமனை சாலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், மூன்றாவது மாடி. திரையில் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். வயது, பாலினம், ஒரு நீளமான எண், அவ்வளவுதான். தப்பித்தவறித் தெரிந்தவருடைய கோப்பு என்று புரிந்துவிட்டால், ஒரு பொத்தானை அமுக்கி அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். காரணம்கூட எழுத வேண்டாம். இரண்டு விநாடி வேலை.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு அந்தக் கோப்பைத் திறந்தேன். பெண், முப்பத்தாறு வயது. ஒரு மாதத்துக்கு முன் பக்கவாதம். இடது கையும் காலும் பலவீனம். பேச்சு இல்லை. வாரத்துக்கு நான்கு முறை வீதம் ஆறு மாதத்துக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று மறுவாழ்வுப் பிரிவு டாக்டர் கேட்டிருந்தார். நோய் வரலாற்றில் ஒரு வரி இருந்தது. 'பக்கவாதத்துக்கு ஓராண்டு முன்பிருந்தே சொற்கள் மறந்துவந்தன, உறவினர் கூறியபடி.'

பொறுப்புள்ள எந்தக் கோடரும் அந்த வரியில் நின்றுவிடுவார். நானும் நின்றேன். பேச்சு போனது பக்கவாதத்தால் என்றால் ஒரு குறியீடு. காப்பீட்டு அலுவலகம் மறுபேச்சில்லாமல் பயிற்சிக்கு அனுமதி கொடுத்துவிடும். பக்கவாதத்துக்கு முன்பே தொடங்கியது என்றால் அது மெல்ல மெல்ல மூளை தேய்கிற நோய். அதற்கு வேறு குறியீடு. அந்தக் குறியீட்டைக் கண்டால் அவர்கள் பயிற்சிக்கு அனுமதி தருவதில்லை. தேயப் போகிற இடத்தில் எதைக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்பது அவர்கள் கணக்கு. வீட்டாருக்கு ஒரு முறை ஆலோசனை, அத்தோடு சரி.

சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். அந்தக் கேள்வியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. புதிதாக வருகிற பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். டாக்டர் வாயில் பதிலை ஊட்டக் கூடாது. காரணம் இதுவா, அதுவா, வேறா, முடிவு செய்ய இயலவில்லையா என்று நான்கு கட்டமாவது தர வேண்டும். நான் ஒரே கட்டம் தந்தேன். 'மேற்படி வரலாற்றின் அடிப்படையில், மொழி இழப்புக்குக் காரணம் முன்பே தொடங்கிய மூளைத் தேய்வு எனக் கொள்ளலாம்: ஆம்.' அந்த டாக்டர் கையில் அறுபது நோயாளிகள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவார், அதற்குமுன் போனில் வந்து கிடக்கும் கேள்விகளை ஒரே மூச்சில் தீர்த்துக் கட்டுவார். நான் பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு 'ஆம்' வந்தது.

இதுவரைக்கும் பாருங்கள், நான் எழுதியதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. கோப்பில் ஒரு வரி இருந்தது, கேட்டேன், டாக்டர் ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கோப்பை எந்தத் தணிக்கையில் வைத்தாலும் கேள்வியின் வடிவத்துக்காக ஒரு கண்டிப்புக் கடிதம் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது.

நீங்கள் பிடித்தது வேறொன்றை. அதற்காக உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு பக்கம் பலவீனம் என்று குறிக்கும்போது, அது நோயாளி எழுதுகிற கையின் பக்கமா, மற்றப் பக்கமா என்றும் குறிக்க வேண்டும். கோப்பில் அது எழுதப்படாவிட்டால் நாமாக ஊகிக்கக் கூடாது. வலப்பக்கம் என்றால் எழுதுகிற பக்கம், இடப்பக்கம் என்றால் எழுதாத பக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நோயாளி எந்தக் கையால் எழுதுவார் என்று அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை. நூற்றுப் பதினான்கு பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள்.

"இடது கைப் பழக்கம்னு போட்டிருக்கீங்களே மேடம், எங்க இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டீர்கள்.

"கை தவறியிருக்கும்" என்றேன்.

"உங்க பழைய ஃபைல் நானூறு எடுத்துப் பாத்துட்டேன். உங்களுக்குக் கை தவறினதே இல்லையே."

உண்மைதான். தவறவில்லை. விதிப்படி எழுத என் விரல் வரவில்லை, அவ்வளவுதான். முப்பத்தாறு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்து அவள் இடது முழங்கை என் வலது முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவளை வலது கைக்காரி என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் என் தங்கை.

எங்கள் அம்மா போனபோது அவளுக்கு இரண்டு வயது, எனக்குப் பதினான்கு. அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான்கு வயதாகியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஊமை என்றார்கள். காது நன்றாகக் கேட்கிறது, தானாக வரும், பொறுங்கள் என்றார் டாக்டர். எனக்குப் பொறுமை இல்லை. பழைய பத்திரிகைகளிலிருந்து படம் வெட்டி அட்டையில் ஒட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை மடியில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாகக் காட்டுவேன். அவள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துச் சொல்லிக் காட்டுவேன். முதல் சொல்லுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. 'தா.' அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்துப் பயந்துபோய் அவள் மறுபடி சொன்னாள். இப்போதும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் நடக்கவில்லை. அந்தச் சொற்களை அவள் எங்கிருந்தும் பொறுக்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் நான் கொடுத்தேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் வாயை மூடவே இல்லை. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் பேசுகிற பேச்சிலிருந்து தப்பிப்பதற்காகவே பாதிப் பேர் முதல் தடவையே தேர்வில் பாஸ் ஆனார்கள் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

தப்பிக்க விரும்பாத ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், நாற்பத்தொரு வயது, மனைவியை இழந்தவர். இரண்டு தடவை தேர்வில் தோற்றார். வேண்டுமென்றே தோற்றார் என்பது என் அபிப்பிராயம். ஒரு வருடத்துக்குள் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது. அவர் வேறொரு நகரத்தில் இரண்டாவது கடை திறக்கிறார், அங்கே போய்விடலாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டு, பிறகு எனக்குச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மடித்து வைத்ததை நான் எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டுட்டு அப்புறம் பேசலாம், பசியில உனக்குக் கோபம் வருது" என்றேன்.

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பசிக்குதா இல்லையான்னுகூட நீதான் சொல்றக்கா. எனக்கு முப்பத்தாறு வயசாச்சு. நான் போறேன். கல்யாணத்துக்காக மட்டும் போகலை. உன்னை விட்டுப் போறேன். இன்னும் நிறைய இருக்கு, எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போவேன்."

நான் காதில் வாங்காததுபோல அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுத்த நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மதியம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் பிரேக்கை அமுக்கி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எனக்குப் போன் வந்தபோது நான் ஒரு திக்குவாய்க் குழந்தையின் கோப்பில் இருந்தேன். செருப்பு மாட்டாமல் சாலையைக் கடந்து ஓடினேன். அவசரப் பிரிவு நர்ஸைக் கேளுங்கள், நான் எப்படி அழுதேன் என்று சொல்வார். அதில் நடிப்பு இல்லை.

ஒரு வாரத்தில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, தலை கலைந்து இருந்தது, கையில் ஒரு படப் பலகை. தண்ணீர் எது, கதவு எது, வலிக்கிறதா, இன்று மழையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் தங்கை வலது கையால் ஒன்றுகூடத் தப்பாமல் தொட்டுக் காட்டினாள்.

"இவங்களுக்கு எல்லாமே புரியுதும்மா" என்றாள் அந்தப் பெண், ஏதோ எனக்குப் பரிசு தருவதுபோல. "சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வர வழிதான் அடைச்சிருக்கு. முதல் ஆறு மாசம் விடாமப் பண்ணினா நிறையத் திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் வர்றது ரொம்ப மெதுவாத்தான் வரும். அதனால நாளை வீணாக்கக் கூடாது."

நான் நன்றி சொன்னேன். எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. வழி திறந்ததும் முதலில் எது வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை எந்த இடத்தில் நிறுத்தினாளோ அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவாள். 'இன்னும் நிறைய இருக்கு' என்றாளே, அது. அவளை எனக்குத் தெரியும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டாள், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றியபோது, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் இளம் டாக்டர் ஒருவர் நோய் வரலாறு எழுத வந்தார். படுக்கைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் அவள்.

"இதுக்கு முன்னாடி இவங்க பேச்சுல ஏதாவது மாற்றம் கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வந்த பதில்களை நான் ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். எந்தப் பதிலைச் சொன்னால் எந்தச் சொல்லை எழுதுவார்கள், அந்தச் சொல் எந்த எண்ணாக மாறும், அந்த எண் எந்தக் கதவைச் சாத்தும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது.

"ஒரு வருஷமாவே இருக்கு சார்" என்றேன். "சொல்ல வந்தது பாதியில மறந்துடும். ஆளுங்க பேரை மாத்தி மாத்திச் சொல்லுவா. வேலைக் களைப்புன்னு நாங்க விட்டுட்டோம்."

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். வலது கையைத் தூக்கினாள். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. டாக்டர் நல்ல மனிதர். அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே வைத்து, "பதட்டப்படாதீங்க, எல்லாம் அக்கா சொல்றாங்க" என்றார். பிறகு எழுதினார். உறவினர் கூறியபடி.

ஆக, அந்த உறவினர் நான். பதினெட்டு நாள் கழித்து அந்த வரியை என் மேசையில் திறந்து, அதில் நின்று, சந்தேகப்பட்டு, கேள்வி அனுப்பிய பொறுப்புள்ள கோடரும் நான். கோப்பு தற்செயலாக என்னிடம் வந்தது என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். வரவில்லை. அன்று காலை எட்டரை மணியிலிருந்து அவள் எண்ணைத் தேடித் திரையில் கோப்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி தேநீருக்கு எழுந்தபோது அவள் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டேன். திருத்திக்கொள்ளுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்ட தாள் வந்த வாரத்திலேயே அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, மாத்திரை, கால் பிடித்துவிடுவது எல்லாம் நான்தான். அலுவலக நேரத்துக்கு மட்டும் ஓர் ஆள் வைத்தேன்; அந்த அம்மாளுக்குக் காது மந்தம். வேண்டுமென்று தேடிப் பிடித்தேனா என்று கேட்காதீர்கள், கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டிவரும்.

கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். ஒரு புதுக் கண்ணாடியும், எழுதி அழிக்கிற சின்னப் பலகை ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"எழுதற கைதான் போயிடுச்சே" என்றேன். பிறகு தாளைக் காட்டினேன். "டாக்டர் ஒத்துக்கிட்டது, பாருங்க. இது தேய்ஞ்சுகிட்டே போற நோய். இப்பவே அவளுக்கு நாம பேசறது எதுவும் புரியறதில்லை."

அவள் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் தாளை இரண்டு தடவை படித்தார். பொடி எழுத்தைப் படிக்கவைத்துப் பிழைக்கிற மனிதர். அச்சில் இருப்பதை நம்புவார்.

"நான் பேசிப் பாக்கட்டுமா?"

"தாராளமா."

அவர் நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு, "நான்தான் வந்திருக்கேன். தெரியுதா?" என்றார். அவள் வலது கையால் அவர் சட்டையைப் பிடித்தாள். விடவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. உதட்டைக் குவித்து, இழுத்து, "ம... மு..." என்று முக்கினாள். பதினாறு வயதில் நான் அவளோடு போராடியது நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் ஒரு முழுச் சொல் வந்துவிடும் என்று தோன்றியது.

"ஏதோ சொல்ல வர்றா" என்றார் அவர்.

"பசி" என்றேன். "இந்த நேரத்துக்கு அப்படித்தான் பண்ணுவா." சட்டையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஸ்பூனைக் கொண்டுவந்தேன்.

அவர் இன்னும் நான்கு தடவை வந்தார். கடைசித் தடவை வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆறு மாதம் வரைக்கும் நான் நாள்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது மாதத்தின் கடைசி நாளை அடித்த பிறகு, சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஒரு தூக்கம் போட்டேன். அப்படி நிம்மதியாகத் தூங்கிப் பல காலம் ஆகியிருந்தது.

ஆனால் பேச்சு என்பது பிடிவாதமான விஷயம். யாரும் கற்றுக்கொடுக்காமலே அவளுக்குச் சில சொற்கள் வரத் தொடங்கின. ஒரு நாள் காலை, நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, "வேண்டாம்" என்றாள். சுத்தமாக, முழுதாக. நான் பின்னி முடித்தேன். அவள் மறுபடி சொன்னாள். "சரி, நாளைக்கு வேற மாதிரிப் பின்னி விடறேன்" என்றேன். அன்றைக்கே, மருத்துவமனையில் அந்தப் பயிற்சியாளர் பெண் கொடுத்தனுப்பியிருந்த படப் பலகையை எடுத்துப் பீரோவுக்கு மேல் வைத்தேன். அவள் போனையும் வைத்தேன். அவள் ஏதாவது தொடங்கினால், முடிக்கிற சிரமம் அவளுக்கு வேண்டாம் என்று நானே முடித்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவள் தொடங்குவதையும் குறைத்துக்கொண்டாள். இப்போது என்னிடம் வாயைத் திறப்பதே இல்லை. எங்களுக்குள் அது தேவைப்படுவதில்லை.

அந்தப் பயிற்சியாளர் பெண் மட்டும் விடவில்லை. மறுப்புத் தாளை எதிர்த்து இரண்டு தடவை எழுதிப் போட்டாளாம். எனக்குத் தெரியாது. போன மாதம், அவளுடைய விடுமுறை நாளில், முகவரி தேடிப் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தூங்கறா" என்றேன், கதவைப் பாதி திறந்து.

அப்போது உள்ளேயிருந்து சுவரில் டம்ளர் மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. பிறகு மூன்று தடவை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தடவை.

"டம்ளர் விழுந்திருக்கும்" என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். "ஒரே டம்ளர் எத்தனை தடவைம்மா விழும்?" என்றாள். நான் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் அவள் படியில் நின்றுகொண்டிருந்தது கதவுக் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது. அவளுடைய மூன்றாவது கடிதம்தான் உங்கள் மேசைக்கு வந்தது. உறவினர் பெயரையும் ஊழியர் பட்டியலையும் நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதற்குப் பிறகு.

இன்று காலை என்னை இங்கே வரச்சொல்லிவிட்டு, அதே நேரத்தில் உங்கள் ஆட்கள் இருவரையும் அந்தப் பெண்ணையும் என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அரைமணி நேரமாகப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு மணி மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லாத வரலாற்றைச் சொன்னேன். எனக்கு உரிமையில்லாத கோப்பை எடுத்தேன். கேள்வியை அப்படி எழுதினால் பயிற்சி கிடைக்காது என்று தெரிந்தே எழுதினேன். அவளுக்கு எல்லாம் புரிகிறது என்பது முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவள் முன்னாலேயே புரியாது என்று சொன்னேன். பேச்சு திரும்ப வரக் கூடாது என்றுதான் செய்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். உங்கள் தாளில் அவளைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறான குறியீடு. அவள் என்னோடு சந்தோஷமாக இருக்கிறாள், என்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தச் சின்னப் பெண் பலகையைக் காட்டி எதையாவது தொடச்சொல்லிக் கேட்டு வந்தால் நம்பாதீர்கள். படத்தைத் தொடுவதெல்லாம் பேச்சாகிவிடுமா. சந்தேகமாக இருந்தால் என் தங்கையை இங்கேயே வரவழைத்து நீங்களே நேரில் கேளுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று நான் உங்களுக்குச் சொல்கிறேன்.